சிறு வானூர்திச் சக்கரத் தொகுதியில் மின்தீத் தடுப்பு

சிறு வானூர்திச் சக்கரத் தொகுதியில் மின்தீத் தடுப்பு என்பது, உள்ளிழுக்கக்கூடிய சக்கரங்களைக் கொண்ட சிறு வானூர்திகளில், அச்சக்கரங்களை ஏற்றி இறக்கும் மின்னோடி, மின்கம்பிகள், ரிலேக்கள், சுவிட்சுகள் ஆகியவற்றிலிருந்து தீ உருவாகாமல் காக்கும் வடிவமைப்பு, பராமரிப்பு, இயக்க முறைகளைக் குறிக்கும். மோட்டார் எனப் பரவலாக அறியப்படும் இம்மின்னோடி, புறப்பட்டபின் ஒரு முறையும் தரையிறங்கும் முன் ஒரு முறையும் சில நொடிகள் மட்டுமே இயங்குகிறது. எனினும் இயந்திரத்தைத் தொடக்கும் மின்னோடியை அடுத்து, வானூர்தியில் மிகுதியான மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும் கருவிகளுள் இதுவும் ஒன்றாகும்.

சில நொடிகள் இயங்குவதற்கென அளவிடப்பட்ட இக்கருவி, ஏதேனும் ஒரு கோளாறினால் பல நிமிடங்கள் தொடர்ந்து இயங்க நேர்வதும், அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியோ இணைப்போ பழுதடைவதும் இத்தொகுதியில் மின்தீ தோன்றுவதற்கான முதன்மைக் காரணங்கள் ஆகும். மின்சுற்றில் உள்ள பாதுகாப்புக் கருவி இவை எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்ற எண்ணம் பொதுவாக உள்ளது. அது ஓரளவே உண்மை. பறக்கும் வானூர்தியிலிருந்து இறங்கிச் செல்ல வழியில்லை என்பதால், தீயை அணைப்பதைவிட அது தோன்றாமல் தடுப்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

பின்னணி

எல்லாச் சிறு வானூர்திகளிலும் சக்கரங்கள் உள்ளிழுக்கப்படுவதில்லை. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 வானூர்தியின் பெரும்பாலான வகைகளில் சக்கரங்கள் எப்போதும் வெளியே நிலையாக இருக்கும். சற்று விரைவாகப் பறக்க வேண்டிய வானூர்திகளில், காற்றின் இழுவையைக் குறைப்பதற்காகச் சக்கரங்கள் இறக்கைக்குள்ளோ உடற்பகுதிக்குள்ளோ மடக்கி வைக்கப்படுகின்றன. இவ்வாறு மடக்குவதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

1. கைமுறை: விமானி ஒரு நெம்புகோலைக் கையால் இழுத்துச் சக்கரங்களை ஏற்றி இறக்குவார். 1950-களிலும் 1960-களிலும் வெளிவந்த மூனி எம்20 வகை வானூர்திகள் பலவற்றில் இம்முறை இருந்தது. இதில் மின்னோடி இல்லை. எனவே மின்னோடியால் ஏற்படும் தீக்கும் இடமில்லை.

2. மின்-எந்திர முறை: ஒரு மின்னோடி பற்சக்கரப் பெட்டி ஒன்றைச் சுழற்ற, அதனுடன் இணைந்த தண்டுகள் சக்கரங்களை அசைக்கும். 1945 டிசம்பர் 22 அன்று முதன்முதலில் பறந்த பீச்கிராஃப்ட் பொனான்சா இம்முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

3. மின்-நீர்ம முறை: ஒரு மின்னோடி எக்கியை, அதாவது பம்பை இயக்கும். எக்கி அழுத்தித் தள்ளும் எண்ணெய் உருளைகளுக்குள் சென்று சக்கரங்களை நகர்த்தும். 1967-இல் அறிமுகமான பைப்பர் செரோக்கி ஆரோ, 1980-களின் முற்பகுதியில் தயாரிக்கப்பட்ட செஸ்னா 172ஆர்ஜி ஆகியவை இம்முறையைச் சேர்ந்தவை.

சக்கரத் தொகுதியில் தீ என்றவுடன் அது இறக்கைக்கு அடியில் எங்கோ ஏற்படுவது போலத் தோன்றும். உண்மையில் மின்னோடி பெரும்பாலும் மனிதர் அமரும் அறையை ஒட்டியே இருக்கிறது. செஸ்னா 172ஆர்ஜி வானூர்தியில் மின்னோடியும் எக்கியும் சேர்ந்த பெட்டி, தீத்தடுப்புச் சுவருக்குப் பின்னால், இரு விமானிகளின் கால் மிதிகளுக்கு நடுவே அமைந்துள்ளது. பொனான்சாவின் மின்னோடி முன் இருக்கைகளுக்குக் கீழே உள்ளது. எனவே அங்கு எழும் புகை சில நொடிகளில் விமானியின் முகத்தை அடையக்கூடும்.

மின்சுற்றின் அமைப்பு

சிறு வானூர்திகளில் 14 வோல்ட்டு அல்லது 28 வோல்ட்டு நேர் மின்னோட்ட முறை பயன்படுத்தப்படுகிறது. இயந்திரத்தால் சுழற்றப்படும் ஆல்ட்டர்னேட்டரும் ஒரு மின்கலமும் மின்சாரத்தை வழங்குகின்றன. அங்கிருந்து மின்சாரம் பொதுவான ஒரு மின்பட்டைக்கு வந்து, சுற்று முறிப்பான்கள் வழியாக ஒவ்வொரு கருவிக்கும் பிரிந்து செல்கிறது. சுற்று முறிப்பான் என்பது வீடுகளிலும் காணப்படும் சர்க்யூட் பிரேக்கர் ஆகும்.

உலோகத்தாலான வானூர்திகளில் மின்சாரம் திரும்பிச் செல்லத் தனிக்கம்பி பெரும்பாலும் இருப்பதில்லை. வானூர்தியின் உலோகச் சட்டகமே திரும்பும் பாதையாக அமைகிறது. இதனால் எடை குறைகிறது. ஆனால் மின்காப்பு இழந்த நேர்மின் கம்பி, வானூர்தியின் எந்த உலோகப் பகுதியைத் தொட்டாலும் அங்கேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும்.

சக்கரத்தை இயக்கும் சுற்று இரு பகுதிகளைக் கொண்டது. மின்னோடிக்கு மிகுந்த மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் தடித்த கம்பிகள் ஒரு பகுதி. விமானியின் கைப்பிடி, சக்கரம் முழுதாக ஏறியதையோ இறங்கியதையோ உணரும் எல்லைச் சுவிட்சுகள், எண்ணெயின் அழுத்தத்தை உணரும் சுவிட்ச், தரையில் நிற்கும்போது சக்கரம் தவறுதலாக மடங்குவதைத் தடுக்கும் சுவிட்ச் ஆகியவற்றை இணைக்கும் மெல்லிய கம்பிகள் மற்றொரு பகுதி. மெல்லிய சுற்று கட்டளையிட, ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்ச் தடித்த சுற்றை இணைக்கவோ துண்டிக்கவோ செய்கிறது.

தீ உருவாகும் வழிகள்

நிற்காமல் இயங்கும் மின்னோடி

மின்-நீர்ம முறையில் அமைந்த பல சிறு வானூர்திகளில், சக்கரங்களை மேலே பிடித்து வைப்பதற்குத் தனிப்பூட்டு கிடையாது. குழாய்க்குள் உள்ள எண்ணெயின் அழுத்தமே அவற்றைத் தாங்கி நிற்கிறது. செஸ்னா 172ஆர்ஜி வானூர்தியில் இவ்வழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 முதல் 1,500 பவுண்டு வரையிலான எல்லைக்குள் பேணப்படுகிறது. அழுத்தம் குறைந்தால் எக்கி தானாகவே தொடங்கும். போதிய அழுத்தம் கிடைத்ததும் நின்றுவிடும்.

இங்கு மூன்று கோளாறுகள் ஏற்படலாம். முதலாவதாக, எங்கேனும் எண்ணெய் கசிந்தால் அழுத்தம் அடிக்கடி குறைந்து, எக்கி சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொடங்கி நிற்கும். இரண்டாவதாக, அழுத்தச் சுவிட்ச் பழுதடைந்தால் எக்கி நிற்பதற்கான கட்டளையே கிடைக்காது. மூன்றாவதாக, ரிலேயின் தொடுமுனைகள் மின்வில்லினால் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அந்நிலையில் விமானி கைப்பிடியை எந்த நிலையில் வைத்தாலும் மின்னோடி ஓடிக்கொண்டே இருக்கும்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 14 வோல்ட்டில் 25 ஆம்பியர் எடுக்கும் ஒரு மின்னோடி 350 வாட்டு ஆற்றலைப் பெறுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வெப்பமாக மாறுவதாகக் கொண்டாலும், அது ஏறத்தாழ 120 வாட்டு ஆகும். பத்து நொடிகளுக்கு இவ்வெப்பத்தை மின்னோடியின் உலோகம் எளிதில் உள்வாங்கிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத சிறிய இடத்தில் பத்து நிமிடங்கள் இது தொடர்ந்தால், சுருள்களின் மின்காப்பு கருகிப் புகையத் தொடங்கும். மின்காப்பு கருகியபின் சுருள்கள் தமக்குள் குறுக்கிட்டு மின்னோட்டம் மேலும் உயரும்.

சுழல முடியாத மின்னோடி

சுழலும் மின்னோடி, தன்னுள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கித் தான் எடுக்கும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது. ஏதேனும் ஒரு தடையால் அது சுழலாமல் நின்றுவிட்டால் அவ்வெதிர் மின்னழுத்தம் மறைந்துவிடுகிறது. அப்போது சுருளின் மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். எடுத்துக்காட்டாக, சுருளின் மின்தடை 0.1 ஓம் எனில், ஓமின் விதிப்படி 14 வோல்ட்டில் 140 ஆம்பியர் வரை பாயக்கூடும்.

மின்-எந்திர முறையில் எல்லைச் சுவிட்சின் அமைவு சற்றே பிசகினாலும் இந்நிலை ஏற்படலாம். சக்கரம் தன் பயணத்தின் முடிவை அடைந்த பின்னும் மின்சாரம் துண்டிக்கப்படாமல், மின்னோடி பற்சக்கரப் பெட்டியை அதன் கடைசித் தடுப்பின்மீது மோதச் செய்யும்.

மின்தடை மிகுந்த இணைப்பு

கம்பியின் முனையில் உள்ள திருகு தளர்ந்தாலோ, இணைப்பில் துரு அல்லது ஆக்சைடு படிந்தாலோ அவ்விடத்தில் மின்தடை கூடுகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்வதால், மிகுந்த மின்னோட்டம் பாயும் சுற்றில் சிறிய மின்தடையும் ஆபத்தானதாகிறது.

ஏறத்தாழ 5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் 4 மீட்டர் நீளமும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை 0.013 ஓம் அளவில் இருக்கும். 30 ஆம்பியர் பாயும்போது அதில் தோன்றும் வெப்பம் 12 வாட்டு. அது 4 மீட்டர் நீளம் முழுவதும் பரவுவதால் தீங்கில்லை. அதே சுற்றில் துருப்பிடித்த ஓர் இணைப்பின் மின்தடை 0.05 ஓம் எனில், அங்கு மட்டும் 45 வாட்டு வெப்பம் தோன்றும். மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கப் பயன்படும் சால்டரிங் கோல்கள் பல 25 வாட்டு அளவே கொண்டவை என்பதை நினைத்தால், விரல்நுனி அளவான இடத்தில் 45 வாட்டு என்பதன் பொருள் விளங்கும்.

அலுமினியத்தின்மேல் உருவாகும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அலுமினியக் கம்பிகளின் முனைகளில் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. எடையைக் குறைப்பதற்காகப் பழைய பைப்பர் வானூர்திகள் பலவற்றில் மின்கலத்திலிருந்து வரும் தடித்த கம்பிகள் அலுமினியத்தால் செய்யப்பட்டிருந்தன. பின்னாளில் இவற்றுக்குப் பதிலாகச் செம்புக் கம்பிகளைப் பொருத்துவது பரவலாயிற்று.

உராய்ந்த கம்பி

வானூர்தி பறக்கும் நேரம் முழுவதும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. சரியாகக் கட்டப்படாத கம்பி, உலோகத் தகட்டின் விளிம்பிலோ அசையும் தண்டிலோ சிறிது சிறிதாக உராய்ந்து மின்காப்பை இழக்கிறது. சக்கரத் தொகுதியில் இது கூடுதலாக நிகழ்வதற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு முறை சக்கரம் மடங்கும்போதும் அதனோடு செல்லும் கம்பிகள் வளைந்து நிமிர்கின்றன. ஓடுபாதையில் தெறிக்கும் நீர், சேறு, சிறு கற்கள், தடையிலிருந்து உதிரும் தூள் ஆகியவையும் அவற்றின்மேல் படிகின்றன.

மின்காப்பு இழந்த கம்பி உலோகத்தை அழுத்தமாகத் தொட்டால் முழுமையான குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சுற்று முறிப்பான் உடனே விழும். ஆனால் அது விட்டுவிட்டுத் தொடும்போது மின்வில் தோன்றுகிறது. மின்வில்லின் வெப்பநிலை பல ஆயிரம் பாகை செல்சியசை எட்டும். 660 பாகை செல்சியசில் உருகும் அலுமினியக் குழாயைத் துளைக்க இது போதுமானது.

எரியும் எண்ணெய்

தீக்கு வெப்பம் மட்டும் போதாது, எரிபொருளும் வேண்டும். சக்கரத் தொகுதியில் அது எண்ணெய் வடிவில் அருகிலேயே உள்ளது. சிறு வானூர்திகளில் நெடுங்காலமாகப் பயன்படும் மில்-எச்-5606 என்னும் தரக்குறியீடு கொண்ட சிவப்பு நிறக் கனிம எண்ணெய்க்குத் தேவையான மிகக் குறைந்த தீப்பற்று வெப்பநிலை 82 பாகை செல்சியசு. இதற்கு மாற்றாக உருவாக்கப்பட்ட மில்-பிஆர்எஃப்-83282 என்னும் செயற்கை எண்ணெய்க்கு அது 205 பாகை செல்சியசு. கசிந்த எண்ணெய், தரைவிரிப்பு, தூசு, பழைய மின்காப்பு ஆகியவை ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்போது ஒரு சிறு மின்வில் பெருந்தீயாக மாற வழியேற்படுகிறது.

சுற்று முறிப்பானின் பணியும் அதன் எல்லையும்

சுற்று முறிப்பானின் பணி கம்பியைக் காப்பதே ஆகும். கருவியைக் காப்பது அன்று. ஒரு கம்பி தாங்கக்கூடிய மின்னோட்டத்தைக் கொண்டே அதன் முறிப்பானின் அளவு முடிவு செய்யப்படுகிறது. இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 30 ஆம்பியர் முறிப்பான் பொருத்திய சுற்றில் மின்னோடி 25 ஆம்பியர் எடுத்துக்கொண்டு நெடுநேரம் ஓடினால் முறிப்பான் விழாது. கம்பிக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் மின்னோடி எரிந்துபோகக்கூடும். முறிப்பானைப் பொறுத்தவரை எல்லாம் இயல்பாகவே உள்ளது.

இரண்டாவது, சிறு வானூர்திகளில் உள்ள முறிப்பான்கள் வெப்பத்தால் வளையும் ஈருலோகப் பட்டையைக் கொண்டு இயங்குபவை. அவை சூடாவதற்கு நேரம் தேவை. நொடியின் மிகச் சிறு பகுதிகளுக்கு மட்டும் தோன்றி மறையும் மின்வில், பட்டையைப் போதிய அளவு சூடாக்குவதில்லை. எனவே முறிப்பான் விழாமலேயே ஒரு கம்பி தீயை மூட்ட முடியும்.

விழுந்த முறிப்பானை மீண்டும் அழுத்துவது மற்றொரு ஆபத்து. முறிப்பான் விழுந்தது ஒரு கோளாறின் அறிவிப்பு. அது ஆறியவுடன் மீண்டும் அழுத்தினால், ஏற்கெனவே கருகிய மின்காப்பின்மீது இரண்டாம் முறையாக முழு மின்னோட்டமும் பாய்கிறது.

சான்ஃபோர்டு விபத்து

இவ்வாபத்தை உணர்த்திய நிகழ்வு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2007 சூலை 10 அன்று நடந்தது. நாஸ்கார் நிறுவனம் இயக்கிய, இரட்டை இயந்திரம் கொண்ட செஸ்னா 310ஆர் வானூர்தி ஒன்று பறப்பின்போது புகையெழுந்து, சான்ஃபோர்டு வானூர்தி நிலையத்தை அடையும் முன்பே குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. வானூர்தியில் இருந்த இருவரும் தரையில் இருந்த மூவரும் உயிரிழந்தனர்.

முந்தைய நாள் அதே வானூர்தியை ஓட்டிய வேறொரு விமானி, எரியும் வாசனையை உணர்ந்திருந்தார். வானிலை ராடார் திரையும் செயலிழந்தது. அவர் ராடாரை அணைத்து அதன் முறிப்பானை வெளியே இழுத்ததும் வாசனை குறைந்தது. அவர் இக்குறையை எழுதியும் வைத்தார். ஆயினும் அது ஆராயப்படாமலேயே மறுநாள் வானூர்தி பறக்க அனுமதிக்கப்பட்டது. தெரிந்திருந்தும் தீர்க்கப்படாத அக்குறையே பறப்பில் தீ ஏற்படக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

இவ்விபத்து சக்கரத் தொகுதியில் தோன்றியது அன்று. எனினும் முறிப்பான் பற்றிய இதன் பாடம் எல்லா மின்சுற்றுகளுக்கும் பொருந்தும். இதன் தொடர்ச்சியாக, முறிப்பான்களை மீண்டும் அழுத்துவதில் உள்ள தீ ஆபத்தைப் பற்றி அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் 2010-இல் சிறு வானூர்தி இயக்குவோருக்குச் சிறப்புத் தகவல் அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

வடிவமைப்பில் தடுப்பு

மேற்கூறிய வழிகளைத் தடுக்க, வடிவமைப்பு நிலையிலேயே பின்வருவன கவனிக்கப்படுகின்றன.

* கம்பியின் தடிமன்: அமெரிக்க நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி என்னும் வழிகாட்டி நூல், விட்டுவிட்டு இயங்கும் கருவிகளுக்கான மின்னழுத்த இழப்பு 14 வோல்ட்டு முறையில் 1 வோல்ட்டையும் 28 வோல்ட்டு முறையில் 2 வோல்ட்டையும் மிஞ்சக்கூடாது என்கிறது. தொடர்ந்து இயங்கும் கருவிகளுக்கு இவை முறையே 0.5, 1 வோல்ட்டு ஆகும்.
* சுவிட்சின் அளவு: மின்னோடி தொடங்கும் நொடியில் மின்னோட்டம் பலமடங்கு உயரும். ஆகவே மின்னோடியை நேரடியாக இயக்கும் சுவிட்சு, அதன் இயல்பான மின்னோட்டத்தைப் போல 12 வோல்ட்டு முறையில் 2 மடங்கும் 24 வோல்ட்டு முறையில் 3 மடங்கும் தாங்கும் அளவுடையதாக இருக்க வேண்டும் என அதே நூல் பரிந்துரைக்கிறது.
* கம்பியின் பாதை: மின்கம்பிகளும் எண்ணெய்க் குழாய்களும் அருகருகே செல்ல நேர்ந்தால், கம்பிகள் குழாய்களுக்கு மேலே செல்ல வேண்டும். கீழே சென்றால் கசியும் எண்ணெய் கம்பிகளின்மேல் சொட்டும். கம்பிக் கற்றையைக் குழாயோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுவது தவறு.
* எச்சரிக்கை விளக்கு: எக்கி இயங்கும் வரை எரியும் ஒரு விளக்கு இருந்தால், அது நிற்காமல் ஓடுவதை விமானி உடனே அறியலாம். இயந்திரத்தின் இரைச்சலில் எக்கியின் ஒலி பெரும்பாலும் கேட்பதில்லை.
* தனித்தனி முறிப்பான்கள்: மின்னோடிச் சுற்றுக்கும் கட்டளைச் சுற்றுக்கும் தனித்தனி முறிப்பான்கள் இருந்தால், மின்னோடியை மட்டும் துண்டித்து, சக்கரத்தின் நிலையைக் காட்டும் விளக்குகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

அமெரிக்காவின் சிறு வானூர்தி விதித்தொகுப்பான பகுதி 23, விழுந்த முறிப்பானைக் கையால் மட்டுமே மீண்டும் இணைக்க முடியும்படி அமைக்க வேண்டும் என்றும், கோளாறு நீடிக்கும்போது அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் சுற்று இணையக்கூடாது என்றும் வரையறுத்திருந்தது. 2017 ஆகத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இத்தகைய விரிவான வரையறைகளுக்குப் பதிலாக, அடைய வேண்டிய பாதுகாப்பை மட்டும் கூறும் பொதுவிதிகள் இடம்பெற்றன. எனினும் இன்று பறக்கும் பழைய வானூர்திகள் அவை தயாரான காலத்து விதிகளின்படியே அமைந்தவை.

பராமரிப்பில் தடுப்பு

அமெரிக்க விதிகளின்படி, இத்தகைய வானூர்திகள் பொதுவாக 12 மாதங்களுக்கு ஒரு முறை முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும். வானூர்தியை ஜாக்கிகளின்மீது தூக்கி நிறுத்திச் சக்கரங்களை ஏற்றி இறக்கிப் பார்ப்பது சோதனையின் ஒரு பகுதியாகும். அப்போது கவனிக்க வேண்டியவை:

* சக்கரம் ஏறவும் இறங்கவும் எடுத்துக்கொள்ளும் நேரம். முந்தைய ஆண்டைவிட நேரம் கூடியிருந்தால், எங்கோ உராய்வோ, கசிவோ, மின்னழுத்த இழப்போ உள்ளது எனக் கொள்ளலாம்.
* மின்னோடி இயங்கும்போது மின்கலத்துக்கும் மின்னோடிக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடு. முற்கூறிய 0.05 ஓம் இணைப்பு 30 ஆம்பியரில் 1.5 வோல்ட்டை இழக்கும். எனவே கண்ணுக்குத் தெரியாத குறையையும் ஒரு சாதாரண வோல்ட்டுமானி காட்டிக்கொடுக்கும். மின்னோடி நின்றிருக்கும்போது அளந்தால் இக்குறை தெரியாது.
* எல்லைச் சுவிட்சுகள் சரியான இடத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கின்றனவா என்பது.
* கம்பிகள் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையங்கள் உள்ளனவா, கட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பது. சக்கரம் பாதி மடங்கிய நிலையிலும் இதைப் பார்க்க வேண்டும். முழுதாக இறங்கிய நிலையில் விலகியிருக்கும் கம்பி, இடைநிலையில் ஒரு தண்டைத் தொடக்கூடும்.
* மின்னோடியின் கரித்துண்டுகளின் தேய்மானம். அவற்றிலிருந்து உதிரும் கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும்.
* எண்ணெய்க் கசிவு. சிந்திய எண்ணெயைத் துடைப்பதோடு, அது ஊறிய விரிப்பையும் ஒலித்தடுப்புப் பொருளையும் மாற்ற வேண்டும்.

இச்சோதனையே மின்னோடியைக் கெடுத்துவிடவும் கூடும். சக்கரங்களை ஓய்வின்றி மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால், சில நொடி இயக்கத்துக்கென அமைந்த மின்னோடி அளவுக்கு மீறிச் சூடாகும். ஒவ்வொரு முறைக்கும் இடையே அது ஆறுவதற்கு நேரம் விட வேண்டும்.

அடிக்கடி விழும் முறிப்பானுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் கொண்ட ஒன்றைப் பொருத்துவது மிகத் தவறான செயலாகும். அவ்வாறு செய்தால் கம்பியே சுற்றின் வலுக்குறைந்த பகுதியாகிவிடும்.

விமானியின் பங்கு

இயல்பான பறப்பில் விமானி மூன்று செயல்களால் ஆபத்தை முன்னரே அறியலாம். சக்கரம் ஏற எடுக்கும் நொடிகளை மனத்துக்குள் எண்ணுவது ஒன்று. சக்கரம் ஏறி முடிந்ததும் மின்னோட்டமானியின் முள் பழைய நிலைக்குத் திரும்புகிறதா எனப் பார்ப்பது இரண்டாவது. பறப்பின் இடையே எக்கி தானாகத் தொடங்குகிறதா எனக் கவனிப்பது மூன்றாவது. எக்கி நிற்காமல் ஓடினால், அதன் முறிப்பானை வெளியே இழுத்து மின்னோடியை நிறுத்த வேண்டும். சக்கரத்தை இறக்கும் நேரத்தில் வானூர்தியின் கையேடு கூறும் முறைப்படி அதை மீண்டும் இணைக்கலாம், அல்லது அவசர முறையைப் பயன்படுத்தலாம்.

புகை அல்லது எரியும் வாசனை தோன்றினால் செய்ய வேண்டியவை ஒவ்வொரு வானூர்தியின் கையேட்டிலும் தரப்பட்டுள்ளன. பொதுவாக அவை: முதன்மைச் சுவிட்சை அணைத்தல், பிற மின் சுவிட்சுகளையும் அணைத்தல், காற்றுத் துளைகளை மூடுதல், தீயணைப்பானைப் பயன்படுத்துதல், தீ அணைந்தபின் அறைக்குள் காற்றோட்டம் ஏற்படுத்துதல், விரைவில் தரையிறங்குதல். தீயணைப்பானாக ஆலோன் அல்லது அதற்கு மாற்றான தூய வளிமங்கள் விரும்பப்படுகின்றன. உலர்தூள் வகை பார்வையை மறைப்பதோடு அலுமினியத்தையும் அரிக்கக்கூடும்.

முதன்மைச் சுவிட்சை அணைக்கப் பலர் தயங்குவதற்கு இரு அச்சங்கள் காரணம். இயந்திரம் நின்றுவிடுமோ என்பது ஒன்று. மரபான பிஸ்டன் இயந்திரங்களில் தீப்பொறியை வழங்குவது மேக்னெட்டோ ஆகும். அது வானூர்தியின் மின்கலத்தைச் சார்ந்ததன்று. எனவே இயந்திரம் தொடர்ந்து ஓடும். மின்னணுத் தீப்பொறி முறை கொண்ட புதிய இயந்திரங்களுக்கு அவற்றின் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

மின்சாரம் இல்லாமல் சக்கரத்தை எவ்வாறு இறக்குவது என்பது இரண்டாவது அச்சம். மின்சாரம் போன்ற ஒரே ஆற்றல் மூலம் செயலிழந்தாலும் சக்கரத்தை இறக்க மாற்றுவழி இருக்க வேண்டும் என்பதால், எல்லா வகைகளிலும் அதற்கு ஏற்பாடு உண்டு. ஆரோவில் ஓர் அவசர நெம்புகோல் எண்ணெயின் அழுத்தத்தை விடுவிக்க, சக்கரங்கள் தம் எடையால் கீழே விழுந்து பூட்டிக்கொள்கின்றன. செஸ்னா 172ஆர்ஜி வானூர்தியில் இரு இருக்கைகளுக்கு இடையே ஒரு கை எக்கி உள்ளது. பொனான்சாவில் முறிப்பானை வெளியே இழுத்தபின், ஒரு கைப்பிடியை ஏறத்தாழ 50 முறை சுற்ற வேண்டும். இவற்றை முன்னரே பழகிய விமானி, புகை தோன்றிய நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கத் தயங்கமாட்டார். இவ்வகையில் அவசர இறக்கப் பயிற்சியும் தீத்தடுப்பின் ஒரு பகுதியே ஆகும்.

தரையிறங்கியபின் வாசனை மறைந்துவிட்டாலும், காரணம் கண்டறியப்படும் வரை வானூர்தியை மீண்டும் பறக்க விடக்கூடாது.

தடைகளில் ஏற்படும் தீ

சக்கரத் தொகுதியில் ஏற்படும் தீ எல்லாம் மின்தீ அன்று. ஓடுபாதையில் தடையை நெடுநேரம் அழுத்திச் சென்றால் அதன் தட்டு மிகவும் சூடாகும். அதன்மேல் கசியும் தடை எண்ணெய் தீப்பற்றலாம். சிறு வானூர்திகளின் தடைகளிலும் பெரும்பாலும் முற்கூறிய சிவப்புக் கனிம எண்ணெயே பயன்படுகிறது. இத்தீ தரையில், வானூர்திக்கு வெளியே ஏற்படுவது. சுற்று முறிப்பானுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடை எண்ணெய்க் கசிவைச் சரிசெய்வதும், தடைகளை ஆற விடுவதும் இதற்கான தடுப்பு முறைகள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* வானூர்தி
* நேர் மின்னோட்ட மின்னோடி
* சுற்று முறிப்பான்
* ஓமின் விதி
* மின்வில்
* தீயணைப்பான்